கண்ணில் கட்டிய ஒட்டு

கண் வார்டு நர்ஸ் வேலை சாந்தமான வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; வெள்ளை உடுப்பு போட்டு மாரடித்தவர்களுக்குத் தெரியும். எண்பதுகளின் நடுவில் எனக்கு வாய்த்தவர் மாரியாயி. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்ட நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவர். கன்றின் பட்டையைக் கீறி, நல்ல ஜாதி மரத்தின் மொட்டைப் பதித்து, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றுவார். அவருடைய வலது கண்ணில் மூக்கோரமாகச் சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறியிருந்தது. பார்வை மங்கினால் புல்வெட்டத்தான் போக வேண்டும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டாராம்.

பொட்டலம்

முதல் ஆபரேஷன் எளிது. மரத்துப்போக ஊசி போட்டு, சதையை வெட்டியெடுத்து, அந்த இடத்தை அப்படியே ஆறவிடுவது. மாரியாயி விழித்துக்கொண்டுதான் இருந்தார். வெட்டிய துணுக்கு தட்டில் விழுந்ததும் படுத்தபடியே கையை நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அதப் பொட்டலம் கட்டிக் குடுங்க மிஸ்ஸி. காட்டலைன்னா மண்டோரு நான் டிமிக்கி குடுத்தேன்னு சொல்வாரு லா!"

மறுபடியும்

அடுத்த தீபாவளிக்குள் சதை திரும்ப வந்துவிட்டது, முன்னைவிடத் தடிப்பாக. வெறுமனே வெட்டிவிட்டால் பலருக்கு இப்படித்தான். எங்கள் யாழ்ப்பாணத்து டாக்டர் புது முறையை விளக்கினார். "இந்த முறை வெட்டின இடத்தைச் சும்மா விடமாட்டன் அம்மா. மேல் இமைக்குக் கீழ, உங்கட கண்ணில இருந்தே மெல்லிசாத் தோல் எடுத்து அதில வைச்சுத் தைப்பன்."

நல்ல இடத்தையும் வெட்டுவதா என்று மாரியாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு சிரித்தார்.

"அட, நம்ம ஒட்டுக் கட்டுற வேலைதானே! இதுக்கா டாக்டரய்யா இவ்ளோ நேரம் பேசுனீங்க?"

நகம்

ஆபரேஷன் முடிந்ததும், கசக்காதே, நனைக்காதே, புழுதியில் நிற்காதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினோம். அடுத்த முறை கண்கட்டு இல்லாமல், கண் சிவந்து வந்து நின்றார். நர்சரியில் நாடாவை அவிழ்த்ததும் பதித்த பட்டையை லேசாகக் கீறிப் பார்ப்பார்களாம். பச்சை தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது என்று அர்த்தம். இவரும் கண்ணாடி முன் நின்று, கண்கட்டை அவிழ்த்து, நகத்தால் கீறியிருக்கிறார்!

என் உயிரே போய்விட்டது. டாக்டர் கண்ணைச் சோதிக்கும் கருவியில் வெகுநேரம் பார்த்தார். ஒரு தையல் அறுந்திருந்தது. ஒட்டு அசையவில்லை. திட்டுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மாரியாயி மட்டும் கலங்கவே இல்லை.

"ரத்தம் ஊறுச்சு மிஸ்ஸி. ஒட்டு புடிச்சிருச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு, மறுநாளே நர்சரிக்குப் போயிட்டேன் லா!"

கண்ணுக்கு ஆகாதது என்று அத்தனையும் சொன்ன நாங்கள், கீறிப் பார்க்காதே என்றும் ஒரு மனுஷியிடம் சொல்ல வேண்டிவரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.