நான்கு முறை திருத்திய வாழை லோடு

ஆடிட்டர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "தம்பி, இந்த ஒரு லோடை மட்டும் நாலு தடவ திருத்தியிருக்கீக. எதை மறைக்கிறீக?"

சின்னமனூரில் வாழை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் நான் அக்கவுண்டன்ட். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். அப்பா இன்றும் தார் சுமக்கிறார்.

கேரளாவுக்கு லோடு கிளம்பும்போது எடையைக் குத்துமதிப்பாகப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மறுநாள் அங்கே எடை போட்டுச் சொல்வார்கள்; எடைச்சீட்டு லாரியோடு திரும்பி வரும். பழைய என்ட்ரியையே திறந்து மாற்றுவோம். அழுகல் கழித்தால் மறுபடியும் மாற்றுவோம்.

பிறகு கம்பெனிகளுக்குச் சட்டம் மாறியது. யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்று சாஃப்ட்வேரே 'எடிட் லாக்'கில் பதிய வேண்டும். அதை அணைக்கக் கூடாது. நான் புது சாஃப்ட்வேரைப் போட்டேன், பழைய பழக்கத்தை விடவில்லை. ஒரு வருடத் திருத்தங்கள் அத்தனையும் என் பெயரில் நின்றன.

"கணக்கை நம்ப முடியலைன்னு ரிப்போர்ட்ல எழுத வேண்டியதுதான்," என்றார் ஆடிட்டர். எழுதினால் பேங்க் லோனைப் புதுப்பிக்காது. அதை நம்பித்தான் உறுப்பினர்கள் கன்று வைக்கிறார்கள்.

தலைவர் ராசம்மா அக்கா என்னை வெளியே இழுத்துப் போனார். "ஏலே, அந்தக் கருமத்த அழிக்க முடியாதா?"

"முடியாதுக்கா. முடிஞ்சாலும் செய்ய மாட்டேன்."

"அப்ப நீயே போயி அவுகளுக்கு வெளக்கம் சொல்லு. நான் பிள்ளையார்கிட்ட சொல்லிக்கிறேன்."

எடைச்சீட்டு மூட்டையை மேசையில் கொட்டினேன். "நீங்களே பத்து லோடு பொறுக்குங்க சார்."

ஒன்பது லோடு சீட்டோடு ஒத்துப்போனது. பத்தாவதாக அவர் எடுத்தது அந்த நாலு திருத்த லோடு. அதற்குச் சீட்டே இல்லை. மூட்டையை மறுபடி கிளறினேன். அப்புறம்தான் நினைவு வந்தது, அந்த லோடை வாங்கிய கேரள வியாபாரி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் பேசித்தான் அனுப்புவார். அவர் அனுப்பிய நான்கு குரல் பதிவுகளையும் தேடிப் போட்டேன்.

"மோனே, ரண்டு டன் தொள்ளாயிரம் கிலோ, எழுதிக்கோ... ஐயோ, இல்ல இல்ல, லாரியில ஒரு அடுக்கு பாக்கி கெடக்கு!"

வாசலில் நின்ற ராசம்மா அக்கா வாய்விட்டுச் சிரித்தார். ஆடிட்டர் சிரிக்காமல் பதிவுகள் வந்த நேரத்தைப் பார்த்தார். நான்கு குரல் பதிவு வந்த நேரமும் லாக்கில் நான்கு திருத்தம் ஏறிய நேரமும் நிமிடக் கணக்கில் ஒட்டி நின்றன. நான் பயந்த லாக்தான் எனக்குச் சாட்சி சொன்னது.

"தப்பு உங்க கையில இல்ல தம்பி, அந்தாளு அவசரத்துல இருக்கு," என்றார் ஆடிட்டர். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. லோனும் வந்தது.

"பிள்ளையாருக்குத் தேங்கா, உனக்குப் புரோட்டா," என்றார் அக்கா.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விதி மாறினால் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றாதீர்கள். தினமும் செய்கிற வேலையில் எது அதோடு இடிக்கும் என்று அன்றே பாருங்கள். இப்போதெல்லாம் லோடு, சரக்கு அனுப்பியதற்கான சலானோடு மட்டும் போகும்; கடைசி எடை வந்த பிறகுதான் பில்.

இந்த வருடமும் ஆடிட்டர் திருத்தப் பட்டியல் கேட்டார். அரைப் பக்கம்தான் வந்தது.