டாக்குரியா வீட்டுக்கு வந்த பில்லியர்ட்ஸ் மேஜை

பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தகவல் வந்தது. சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மகள் கல்கத்தாவிலிருந்து பேசினாள். "அப்பா காலைல போயிட்டாங்க அங்கிள்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் ஓடவில்லை. பெங்காலியில் என்னவோ சொல்லி அழுதாள். தெரிந்த நாலு வார்த்தையில் ஆறுதல் சொல்லிவிட்டு, என் முறை வந்ததும் உள்ளே போனேன். வேறு என்ன செய்வது? இந்த வருடத்தில் இது நான்காவது தகவல். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் கூட இருந்தவர்களுக்கு அண்ணாச்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர். என் செக்‌ஷன் சூப்பிரண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாற்றலில் வந்து இறங்கும் ஒவ்வொரு தமிழனுக்கும் அவர் தரும் உபதேசம் ஒன்றுதான்: "லாரியில ஏறாத சாமான வாங்காதேயும்வே." அவர் பேச்சைக் கேட்டு நாங்கள் பாதிப் பேர் மடக்குக் கட்டிலிலேயே காலத்தை ஓட்டினோம்.

அலுவலகம் முடிந்ததும் அவரும் நானும் ரயில்வே ஊழியர்களின் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் பில்லியர்ட்ஸ் ஆடுவோம். பதினைந்து வருடம் ஆடினோம். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த அறையைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு மேஜையைத் தூக்கிவிட்டார்கள். அதே வருடம் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். மகள் பெங்காலிப் பையனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்ததால் அவரும் ஊர் திரும்பாமல் டாக்குரியாவில் ஒரு கீழ்வீட்டை வாங்கினார். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, வீட்டில் மேஜை போடப்போவதாகச் சொன்னார்.

"எதுக்கு அண்ணாச்சி? ஊர்ப்பட்ட கனமாச்சே."

"ஊருக்குப் போனவனெல்லாம் போயாச்சு. நீரு ஒருத்தர்தான் மிச்சம். மேஜை கெடந்தா சாயங்காலம் வந்துருவீருல்லா?"

வந்துவிடுவேன் என்றேன். என் மனைவியின் ஆஸ்துமாவுக்குக் கல்கத்தா ஈரம் ஒத்துக்கொள்ளாமல், சென்னைக்கு மாற்றல் கேட்டு நான் மனுப் போட்டு அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு சனிக்கிழமை தோறும் கடை கடையாக அலைந்தோம். ஆட்டம் தெரிந்தவன் என்று தேர்வை என் தலையில் கட்டிவிட்டார். நானும் பார்த்த மேஜைக்கெல்லாம் குற்றம் சொன்னேன். ஆறடி மேஜை சிறுசு என்றேன். மரப்பலகை போட்ட மேஜை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, கற்பலகை போட்டதுதான் வேண்டும் என்றேன். கற்பலகை போட்டது கிடைத்தபோது ஓரத்து ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, செத்துப்போன ரப்பர் என்றேன். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் மேஜை அமையாதவரை மாற்றல் விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்ற கோழைத்தனமும் அதில் இருந்தது. அண்ணாச்சி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. "சரிவே, அடுத்த கடையப் பாப்போம்" என்பார். டிராமில் எனக்குக் கால் கடுக்கும்.

இதற்கிடையே, எட்டடி மேஜை போட்டால் நாலு பக்கமும் பந்தடிக்கும் கோலை இழுத்து அடிக்க இடம் இருக்குமா என்று ஒட்டடைக் கம்பை வைத்து அளந்து பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் இடித்தது. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரையே எடுத்துவிட்டார். மதினி என்னிடம், "ஒங்க அண்ணாச்சி செஞ்ச கூத்தப் பாத்தீங்களா தம்பி? இனி நான் அடுப்பங்கரையிலதான் ஒக்காந்து திங்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் பவானிபூரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்பவர்களிடம் அந்த மேஜை கிடைத்தது. எட்டடி, தேக்குக் கால்கள், மூன்று துண்டாகக் கற்பலகை. பந்தை மெதுவாக உருட்டிவிட்டேன். கோடு கிழித்தாற்போல் போய் நின்றது. அழுத்திப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"என்னவே, இதுலயும் குத்தமா?"

"நல்ல மேஜை அண்ணாச்சி" என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆறு பேர் கல்லைத் தூக்கி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம்கூட ஆடவில்லை, மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவர் கோல் முனைக்குச் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது விஷயத்தையும் மனைவியின் ஆஸ்துமாவையும் சொன்னேன். மனுப் போட்டது எப்போது என்று கேட்டார். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பிள்ளைக்கு மூச்சுத்தானவே முக்கியம். போய்ட்டு வாரும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதன் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசினேன். நேரில் போகவே இல்லை. டிக்கெட் கிடைக்கவில்லை, முழங்கால் வலி என்று வருடத்துக்கு ஒரு சாக்கு இருந்தது. முகத்தில் விழிக்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மதினிக்குப் போன் செய்தேன். பேச்சுக்கு வழி தெரியாமல், அந்த மேஜையை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டுவைத்தேன்.

"கெடக்கட்டும் தம்பி. போன மாசம் வரைக்கும் ஆடுனாகளே."

"யார் கூட மதினி?"

"ஒங்க கூடத்தான். ஆறு மணியானா ரெண்டு கோலையும் எடுத்து வச்சிருவாக. தன் ஆட்டத்த ஆடிட்டு, அந்தப் பக்கம் போய் ஒங்க கோல எடுத்து ஒங்களுக்கும் ஆடுவாக. ஒங்களுக்குன்னு அடிக்கையில ஒரு நாளும் வேணும்னு தப்பா அடிச்சதில்ல. பாதி நாளு நீங்கதான் செயிச்சீங்க."

போனை வைத்துவிட்டேன்.

அண்ணாச்சியை அறிந்தவர்கள் அவரிடமிருந்து எதையெதையோ எடுத்து வைத்துக்கொண்டிருப்பீர்கள். என்னிடம் இருப்பவை, நான் பக்கத்தில் இல்லாமலேயே அவரோடு ஆடிய அந்த ஆட்டங்கள். அவற்றில் பாதியை நான் ஜெயித்திருக்கிறேன்.