கிணற்றின் மேல் இரும்பு வளைவு

தம்பி இறந்த பதினாறாம் நாள், கிணற்றை மூட வேண்டும் என்று சித்தி சொன்னார். தம்பி என்றால் சித்தப்பா மகன். என்னைவிட இரண்டு வயது இளையவன், அவர்களுக்கு ஒரே பிள்ளை. மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று குழாயின் அடியிலிருக்கும் புட்வால்வைப் பார்க்கக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறான். பாசி பிடித்த படிக்கல். வழுக்கி விழுந்தவன் மேலே வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது நான் ஷாமியானாவின் குழாய் எங்கே வளைகிறது, எங்கே ஜாயிண்டு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிவில் படித்தவள். கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு, அடுத்தது என்ன என்று தினம் ஒரு திட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. திட்டங்கள் எல்லாம் நின்றுபோயின. பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

தோட்டம் கூடலூருக்கு இந்தப் பக்கம், பன்னீர் திராட்சை. அதை நடத்துவது முழுக்கச் சித்திதான். எந்தக் கொடியில் எத்தனை முளைக்கண் விட்டு வெட்ட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்; ஆட்களும் அவர் நின்றால்தான் வருவார்கள். சித்தப்பாவுக்குக் கம்பம் ஊரில் ஒரு சின்ன வார்ப்புப் பட்டறை. மோட்டார் கப்ளிங், சாக்கடை மூடி, கரும்பு ஆலை உருளை என்று வருவதை வார்த்துக்கொடுப்பார். தோட்டம் பக்கம் அவர் போவது எப்போதாவதுதான்.

"அந்தக் கெணறு வாயப் பொளந்துக்கிட்டு இருக்குற வரைக்கும் நான் அங்கன காலு வைக்க மாட்டேன்" என்றார் சித்தி. குரலை உயர்த்தவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

கொடி வெட்டும் கவாத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் சித்தி தோட்டத்துக்கு வராவிட்டால் அந்த வெள்ளாமை போச்சு. அதோடு அவரும் அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிணற்றை மண்போட்டு மூடவும் முடியாது. கொடிகளுக்கு வேறு தண்ணீர் இல்லை.

மூன்று மீட்டர் சதுரக் கிணறு. கான்கிரீட் பலகை போட்டால் தீர்ந்தது என்றார் கொத்தனார். எல்லோரும் தலையாட்டினார்கள். சித்தப்பா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கான்கிரீட்டுன்னா கொத்தனாரு வந்து போட்டுட்டுப் போயிருவாக, ஆத்தா. நான் என்ன செய்ய?"

எனக்கு உடனே ஓடியது. ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். மனசு கட்டையாக இருக்கும்போதும் மூளை மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வார்ப்பு இரும்பை இழுத்தால் முறியும், அமுக்கினால் தாங்கும். வளைவில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை அமுக்கிக்கொண்டேதான் நிற்கும். ஒன்பது துண்டு சேர்ந்தால் ஒரு வளைவு. அப்படி ஐந்து வளைவுகளை ஒட்டி ஒட்டி நிறுத்தினால் கிணற்றின் மேல் ஒரு கூண்டு வண்டியின் மேற்பகுதி மாதிரி நிற்கும். நாற்பத்தைந்து துண்டும் ஒரே அச்சில் வார்க்கலாம். இதையெல்லாம் நான் சித்தப்பாவிடம் வேகமாகச் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. "வார்ப்புக்கு மண்ணு சலிக்கச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே வரைபடம் போட்டேன். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஒன்று. அதனால் எல்லா அளவிலும் நூற்றுக்கு ஒன்று கூட்டி வரைந்தேன். பெருமையாகக்கூட இருந்தது, பாடத்தை மறக்கவில்லையே என்று.

மர அச்சு செய்வது பட்டறைக்கு அடுத்த கடை ஆசாரி. சித்தப்பா வயசு இருக்காது, வாய் ஜாஸ்தி. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா இஞ்சினியரு, கெணத்துக்கு மூடி கேட்டாகளா, ரயிலு போறதுக்குக் குகை கேட்டாகளா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான்கு நாளில் அச்சு வந்துவிட்டது.

தம்பி போன நாளிலிருந்து அணைந்திருந்த உலை மூட்டப்பட்டது. சித்தப்பா அருகிலேயே நின்றார். மர அச்சை அமுக்கி எடுத்த மண் பெட்டிகளில் இரும்பு ஊற்றும்போது நான் தள்ளி நின்று எண்ணினேன். மூன்று தடவை உலை மூட்டி நாற்பத்தைந்தும் முடிந்தன. மறுநாள் ஒன்பது துண்டுகளைப் பட்டறை முற்றத்தில் படுக்கவைத்துச் சேர்த்துப் பார்த்தோம். மூட்டுக்கு மூட்டு அப்படிப் பொருந்தியது, ஒரு காகிதம் நுழையவில்லை. ஆட்கள் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா டீ வாங்கிவரச் சொன்னார். அந்த நேரம் யாராவது குறுக்கே டேப் பிடித்திருக்கலாம். நான் பிடித்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் கிணற்றின் கிழக்கு, மேற்குச் சுவர்களின் தலையில் வளைவின் கால் உட்காரக் கருங்கல்லில் பள்ளம் வெட்டி வைத்திருந்தோம். மரச் சாரத்தைக் கிணற்றுக்குக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமிருந்தும் துண்டுகளை ஏற்றினோம். ஒரு துண்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கிழக்குக் கால் உட்கார்ந்தது. மேற்குக் கால் உட்காரவில்லை. பள்ளத்தைத் தாண்டிக் கல்லின் மேல் நின்றது.

அளந்தேன். மூன்று சென்டிமீட்டர் கூட. மூன்று மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர். நூற்றுக்கு ஒன்று.

ஆசாரியும் வந்திருந்தார். அவர் டேப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"சுருக்கத்துக்கு நீ சேத்தியா?"

"சேத்தேன்."

"நானும் சேத்தேன். எப்பவும் நாந்தான சேப்பேன்." கல்லின் மேல் நின்ற காலைத் தட்டிவிட்டு, "இனிமே இரும்புகிட்டத்தான் சொல்லணும், இன்னொருக்காச் சுருங்குன்னு" என்றார்.

கூட்டிய அளவில் எல்லாம் ஒரே மாதிரி கூடியிருந்ததால் கோணங்கள் மாறவில்லை. அதனால்தான் ஒன்றோடொன்று அத்தனை ஒழுங்காகப் பொருந்தின. இடத்துக்குத்தான் பொருந்தவில்லை. மறுபடி வார்க்கலாம், ஆனால் அச்சிலிருந்து தொடங்க வேண்டும். கவாத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக, உடைத்துத் திரும்ப உருக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குச் சொன்னேன்.

சித்தப்பா குறுக்கிட்டார். "கல்ல வெட்டுனா என்ன?"

மேற்குச் சுவரில்தான் படிக்கற்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தம்பி இறங்கிய பக்கம். கிழக்கே வெட்டலாமே என்று ஆசாரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அங்கே மோட்டார் குழாய் போகிறது, கல் அசைந்தால் குழாய் போய்விடும் என்றார் சித்தப்பா. அது உண்மைதான். அதுவரை அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து நான் பார்க்கவில்லை.

இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைத் தென்னையில் முடிந்தோம். அவரே உளியை எடுத்தார். வேறு ஆள் வெட்டட்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்த ஓரத்தில் குந்தி உட்கார்ந்து மூன்று மீட்டர் நீளத்துக்கும் பள்ளத்தை மூன்று சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி வெட்டினார். கயிற்றைப் பிடித்தபடி பின்னால் நான். ஒவ்வொரு தடவையும் சில்லு தெறித்து உள்ளே விழும், கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். சித்தப்பா சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த அடியை அடித்தார். இரண்டு நாளும் அப்படித்தான். நான் எத்தனை மீட்டர் ஆழம் என்று கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, எதற்குப் போட்டேன் என்று தெரியாமல் விட்டுவிட்டேன். சாலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் காலையில் மேற்கே போயின, மாலையில் திரும்பின.

மூன்றாம் நாள் கால் உட்கார்ந்தது. நடுத்துண்டு இறங்கியது. போல்ட்டுகளை இறுக்கி, சாரத்துக்கு அடியிலிருந்த ஆப்புகளைத் தட்டி எடுத்தபோது வளைவு ஒரே ஒரு தடவை 'ணக்' என்றது. பிறகு அசையவில்லை. படித்த காலத்தில் இப்படி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டிருப்பேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. கையை எடுத்துக்கொண்டேன். மற்ற நான்கு வளைவுகளும் இரண்டு நாளில் ஏறின. இரு முனைகளையும் செங்கல் வைத்து அடைத்தோம். ஒரு முனையில் மட்டும், மோட்டார் வேலைக்கு ஓர் ஆள் நுழையும் அளவு இரும்புத் தகடு, நான்கு போல்ட்டில்.

வீட்டுக்கு வந்து முடிந்துவிட்டது என்றோம். சித்தி ஒன்றுதான் கேட்டார்: "உள்ள தெரியுதா?" தெரியாது என்றேன்.

மறுநாள் காலை அவராகவே கிளம்பினார். பஸ்ஸில் போனோம், மூன்று பேரும். வேலிக்கு உள்ளே வந்ததும் நின்றார். பிறகு நேராக நடந்துபோய் வளைவைச் சுற்றி வந்தார், மூட்டுகளில் விரல் நகத்தை ஓட்டிக்கொண்டே. மேற்குப் பக்கம் வெட்டிய கல் புதிதாக வெள்ளையாக இருந்தது. அதன் முன்னால் நின்று, "இது என்னது?" என்றார். அளவு தப்பிப்போச்சு, சித்தப்பா வெட்டினார் என்றேன். அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மோட்டார் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தகட்டுக்கு வந்தார். நான்கு போல்ட்டையும் தொட்டார்.

"இதக் கழட்டுறது எது?"

சித்தப்பா பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக் காட்டினார்.

"இன்னொண்ணு இருக்கா?"

"பட்டறையில இருக்கு."

"அதையும் கொண்டாந்து என்கிட்டக் குடுங்க."

"மோட்டாருக்குக் கேடு வந்தா? நீ ஊர்ல இல்லாத நேரம்னா?"

"வந்தா என்னையக் கூப்பிடுங்க. எங்கன இருந்தாலும் வருவேன். நான் பக்கத்துல நிக்காம யாரும் உள்ள எறங்கக் கூடாது. நீங்களுந்தான்."

சித்தப்பா கொடுத்தார். கனமான ஸ்பானர். முந்தானையில் முடிந்ததும் சேலை ஒரு பக்கமாக இழுத்தது, இடுப்பில் செருகிக்கொண்டார். பந்தலுக்கு அடியில் குனிந்து போய் முதல் கொடியின் கிளையைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாள் யாரும் தொடவில்லையா என்றார். இல்லை என்றேன். ஆட்களுக்குப் போன் போடச் சொன்னார், கத்திரி எங்கே என்றார். கத்திரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. அவரே போய் மோட்டார் அறையிலிருந்து எடுத்துவந்தார்.

எனக்கு ஒரு கத்திரியைக் கொடுத்து, "நாலு கண்ணு விட்டு வெட்டு. அளக்காத, பாத்து வெட்டு" என்றார்.

அன்றைக்கு மூன்று வரிசை முடித்தோம்.