புளி போட்டுத் தேய்த்த எடைக்கற்கள்

வெள்ளைக்காரர்களில் என் சித்தப்பாவுக்குப் பிடித்த ஒரே ஆள், அவர் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு தராசுக்காரர். ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைக்கிறதென்று ஊர் உலகமெல்லாம் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தில், அந்த மனுஷர் லண்டனில் உட்கார்ந்து தங்கத்தூள் நிறுக்கும் சின்னத் தராசுகளைச் செய்துகொண்டிருந்தாராம். தோண்டப் போனவர்களில் பாதிப் பேர் பிச்சைக்காரர்களாகத் திரும்பினார்கள், தராசு செய்தவர்தான் பிழைத்தார் என்று சொல்லிச் சித்தப்பா சிரிப்பார். அவரை "நம்ம லண்டன் மாமா" என்பார்.

அந்த மாமா செய்த தராசு ஒன்று எந்தெந்தக் கப்பலிலோ சுற்றிவிட்டு, ஒரு மாலுமி கையிலிருந்து ரங்கூனில் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. போட்டாதாங் பக்கம் கீழே தராசுக் கடை, மேலே வீடு. அப்பா வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார், சித்தப்பா தராசு செய்வார். அந்தத் தராசோடு வந்த கையகல மரப்பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் குழி குழியாக எடைக்கற்கள். கல் என்று பெயர்தானே தவிர எல்லாம் பித்தளை. கடையில் புதிதாகச் செய்யும் எந்தக் கல்லையும் அந்தக் கற்களோடு வைத்துப் பார்த்துத்தான் விற்பார்கள். நகைக்கடைக்காரர்களும் தங்கள் கற்களைச் சரிபார்க்க எங்களிடம்தான் வருவார்கள். சித்தப்பா அவற்றைக் கையால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். ஆயுத பூஜைக்குக் கடையிலுள்ள சாமான் எல்லாம் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கப்படும். அந்தப் பெட்டிக்கு மட்டும் மூடிமேல் ஒரு பூ. அதை வருஷா வருஷம் வைப்பது என் அம்மாதான்.

சித்தப்பா த்வாண்டேயில் பானை செய்யும் வீட்டுப் பர்மியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தனியாக அலோன் பேட்டையில் குடியிருந்தார். அப்பா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றிருந்தார். எனக்கு எட்டு வயதான வருஷம் எப்படியோ மனம் இளகி, பூஜைக்குக் கூட்டிக்கொண்டு வா, எல்லாம் சரியாக வந்தால் தீபாவளி முதல் மேலே முன்னறையில் இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா மட்டும் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தாள். அந்த நாப்பி மீன் விழுது வாசனை இந்த வீட்டுக்குள் வந்தால் நான் ஊருக்குக் கப்பல் ஏறிவிடுவேன் என்று, யாரிடமோ சொல்வதுபோலச் சுவரிடம் சொன்னாள்.

பூஜைக்கு முதல் நாளே சித்தி வந்துவிட்டாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, கையில் த்வாண்டேத் தண்ணீர்ச் சாடி ஒன்று. வந்ததும் அம்மாவை "அக்கா" என்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள் போல. தமிழில் அதைத் தவிர நாலு வார்த்தைதான் தெரியும். வேலை கொடுங்கள் என்று ஜாடை காட்டினாள். அம்மா குத்துவிளக்கையும் தாம்பாளத்தையும் எடுத்துக் கொடுத்தாள். குழாயடியில் உட்கார்ந்து அவள் தேய்த்த தேய்ப்பில் அவையெல்லாம் நேற்று வாங்கியவை மாதிரி ஆகிவிட்டன. எனக்குப் பர்மிய மொழி தண்ணீர்பட்ட பாடு, ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். பெருமைக்குக் கேட்பானேன்!

கீழேயிருந்து கொண்டுவந்து வைத்த கடைச் சாமான்களையும் முடித்துவிட்டு, கடைசியில் சித்தி அந்தப் பெட்டியைத் திறந்து, இவற்றையும் தேய்க்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். மறுபடியும் இலையை எடுத்துக்கொண்டாள்.

"பித்தளைதானே. தேய்க்கட்டும்."

அப்படியே மொழிபெயர்த்தேன். சித்தி ஒவ்வொரு கல்லாகத் தேய்த்து, அலம்பி, துடைத்து, பொட்டுச் சந்தனம் வைத்து, குழி தவறாமல் அடுக்கி மூடினாள். பூஜை அமோகமாக நடந்தது. அப்பா சித்தியிடம் இன்னும் கொஞ்சம் பாயசம் போட்டுக்கொள்ளச் சொன்னார். சித்தப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் விஜயதசமி. ஒரு நகைக்கடைக்காரர் முதல் வேலையாகத் தன் கற்களைக் கொண்டுவந்திருந்தார். சித்தப்பா பெட்டியைத் திறந்தார். அப்படியே நின்றார். பிறகு போன வாரம் தானே சரிபார்த்து வைத்த கல்லை ஒரு தட்டிலும் இந்தக் கல்லை மறு தட்டிலும் வைத்தார். லண்டன் கல் இருந்த தட்டு மெல்ல மேலே போயிற்று. அடுத்த கல்லும் அப்படியே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு தேய்ந்திருந்தது. வந்தவரிடம், இனி இவற்றை நம்பி உங்கள் கற்களைக் கொண்டுவராதீர்கள் என்று சித்தப்பாவே சொல்லி அனுப்பினார்.

"யார் தேய்ச்சது?" என்றார் அப்பா.

"நான்தான் தேய்க்கச் சொன்னேன் அண்ணே" என்றார் சித்தப்பா.

இல்லையே, அம்மாவல்லவா சொன்னாள் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, கை நிறையப் பொரியும் நாட்டுச் சர்க்கரையும் கொடுத்தாள். வழக்கமாக ஒரு பிடிக்குமேல் தராதவள். நான் எல்லாவற்றையும் மறந்து தின்றேன்.

அப்பா நல்ல நாளில் சத்தம் போடமாட்டார். மாடியேறிப் போய்ச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். என்ன ஆயிற்று என்று சித்தி கேட்டபோது, அண்ணனுக்குத் தலைவலி என்று சித்தப்பா பர்மிய மொழியில் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குன்றிமணியில் கால்வாசி குறைந்தாலும் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுகிற மனுஷர் எதற்கு இப்படிப் பொய் சொல்கிறார்?

அதன்பின் முன்னறைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சித்தப்பா அலோனிலேயே சின்னதாக ஒரு கடை போட்டுக்கொண்டார். அம்மா கெட்டவள் இல்லை. பதினாலு வயதில் கப்பலேறி வந்து, தனக்கென்று சொல்லிக்கொள்ள அந்த அடுப்படி ஒன்றைத்தான் வைத்திருந்தாள். அதைப் பங்குபோடப் பயந்தாள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் மனசு ஆறவில்லை.

அந்த விஜயதசமி சாயங்காலம் அவர்கள் புறப்பட்டபோது சித்தி என் மோவாயைப் பிடித்துக்கொண்டு ஏதோ யோசித்தாள். பிறகு தமிழிலேயே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"அடுத்த வருஷம்... நானே தேய்க்கிறேன்."

சரி என்று குதித்தேன். சித்தப்பா எங்கள் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனார். நான் உள்ளே ஓடி, அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டேன்.