சீட்டுப் போட்ட வாரம்

உத்திரமேரூர் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கும் காதரின் மகள் ஷப்ரீனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ‘ஏன்’ என்று ஒன்று மனதில் விழுந்துவிட்டால் சோறு இறங்காது. ஏனாத்தூர் காலேஜில் படித்தவள், இப்போது கடை மாடியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறாள். ஷூ கம்பெனி ஒன்றின் வேனில் யார் யார் வருகிறார்கள் என்று காட்டும் ஆப், அவள் செய்ததுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மானாம்பதியிலிருந்து செங்கேணி மாடியேறி வந்தாள். அந்தக் கம்பெனியில் சோல் ஒட்டும் வேலை அவளுக்கு.

“மூணு நாளா வேன்லதான் போய்க்கினு கீறேன். உன் ஆப்பு பட்டியல்ல என் பேரே இல்லியாம், அதுல இல்லேன்னா வேலைக்கே வரலைன்னுதான் கணக்காம். திங்கக்கெழமலேர்ந்து வராதன்ட்டாரு சூப்பர்வைசர்.”

“டிரைவர் டிக் போடலாம், அவ்ளோதான்க்கா. பட்டியலை அவர் பாக்கத்தான் முடியும், பேரை எடுக்க முடியாது.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

செங்கேணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஷப்ரீனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் புத்தி வேறெங்கோ ஓடியது. எடுக்கவே முடியாத பட்டியலிலிருந்து ஒரே ஒரு பேர் எப்படிப் போகும்?

டிக் பதிவுகளைத் திறந்தாள். மூன்று நாளும் டிக் இருந்தது, ஆனால் முந்தின ஸ்டாப்பில்.

“உங்க ஸ்டாப்பை வுட்டுட்டு அங்க ஏன் ஏறுனீங்க?”

“எங்க தெருவுல அஞ்சு பேருக்கு சீட்டுப் போட வேணாமா? ஒருத்தி முன்னாடி நடந்து போயி, எல்லார் டிபன் பையையும் வச்சு எடம் புடிப்போம். இந்த வாரம் என் மொறை.”

ஷப்ரீனுக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே ஏறிவிட்டவர்களுக்காக அடுத்த ஸ்டாப்பில் காத்துக் கிடப்பதாக டிரைவர் பாண்டியன் பேஜார் பண்ணியிருந்தார். அப்படி ஏறினவர்களின் பேரை அவர் திரையிலிருந்து நீக்க, செவ்வாய் இரவு அவசரமாக ஒரு வரி சேர்த்தாள். கையில் இருந்தது படிக்க மட்டுமேயான பட்டியல், நீக்க வழி தராதது. அதைச் சாதாரணப் பட்டியல் என்று மாற்றிச் சொல்லி நீக்கினாள். கம்ப்யூட்டரும் சரியென்று கேட்டுக்கொண்டது. ஆனால் அது நகல் இல்லை, கம்பெனி பார்க்கும் அதே பட்டியல். அப்பாவின் கடையில் கண்ணாடி அலமாரிக்கு முன்பக்கம் பூட்டு, பின்பக்கம் திறப்பு. அதே கதைதான்.

அந்த வரியை அழித்து, டிரைவர் திரைக்குத் தனி நகல் கொடுத்தாள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, “தப்பு என்னுது சார், அவங்க மூணு நாளும் வந்திருக்காங்க,” என்றாள். அவர் பதிவுகளை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

“அடுத்த வாரம் யாரு மொறைக்கா?”

“ஆதிலட்சுமி.”

அந்த வரி இருந்திருந்தால் அடுத்துப் போயிருப்பது அந்தப் பேர்தான் என்று ஷப்ரீனுக்குப் புரிந்தது. திரையில் செங்கேணியின் பேர் திரும்ப வந்திருந்தது. செங்கேணி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“யாரும் எடுக்க முடியாதுன்னியே பாப்பா. இப்பவும் அப்படித்தானா?”

ஷப்ரீன் மூடப்போன லேப்டாப்பை மறுபடி திறந்தாள்.

“கொஞ்சம் உக்காருங்கக்கா. இன்னொரு தரம் பாத்துட்டுச் சொல்றேன்.”