சனிக்கிழமை மட்டும் சிவந்த குடுவை

ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி ரசாயனக் கூடத்தில் நான் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். தற்காலிகம் என்றால், கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜூனில் மறுபடி கூப்பிட்டால் உண்டு. மூன்று வருஷமாக இதே கதை. நிரந்தரமாக வேண்டுமானால் எங்கள் பேராசிரியர் ஒரு வரி எழுதித் தர வேண்டும். அவரோ வைக்கோலிலிருந்து மோட்டார் எரிபொருள் எடுக்கும் மும்முரத்தில் இருந்தார்.

வைக்கோலையும் மரத்தையும் கரைத்துச் சர்க்கரையாக்கும் என்சைம் சில பூஞ்சைகளிடம் இருக்கிறதென்று ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருக்கிறார். சர்க்கரையைப் புளிக்கவைத்தால் சாராயம், சாராயத்தில் வண்டி ஓடும்.

"மதுவிலக்கு இருக்கே சார்" என்றேன்.

"வண்டி குடிக்கிறதுக்கு ஏதுய்யா சட்டம்?" என்றார்.

அழுகல் தேடி அலைந்தது நான். கோட்டைப்பட்டினத்தில் உளுத்த படகுப் பலகை, அறந்தாங்கிப் பக்கம் மக்கிய வைக்கோல்போர் என்று கண்டதையெல்லாம் சுரண்டி வந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கரையான் புற்று மண்ணை மட்டும் எங்கள் அட்டெண்டர் திருவரங்குளத்திலிருந்து கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் வைக்கோல் ஊறிய தண்ணீர்க் குடுவையில் போட்டோம். தினமும் கொஞ்சம் வடிகட்டி, ஒரு நீலக் கரைசலோடு காய்ச்சுவேன். சர்க்கரை இருந்தால் அது செங்கல் நிறமாகும்.

எல்லாம் நீலமாகவே நின்றன. புற்று மண் குடுவை மட்டும் ஒரு சனிக்கிழமை சிவந்தது. பேராசிரியர் என்னைக் கட்டிக்கொண்டார். திங்களன்று சிவப்பு மங்கியது, புதனன்று பழைய நீலம். அடுத்த சனிக்கிழமை மறுபடி செக்கச்செவேல். வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவர் வரைபடம் போட்டார்.

"ஏழு நாள் சுழற்சிய்யா! எவனும் கண்டுபிடிக்கல!"

சென்னைக்குக் கடிதம் போனது. பெரிய விஞ்ஞானி ஒருவர் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. அவருக்குப் புதன்கிழமைதான் ஒத்துவந்ததாம்.

"அன்னைக்குச் செவந்துட்டா ஒன் வரிய எழுதிடறேன்" என்றார் பேராசிரியர்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், அன்றைய சோதனையை முடித்துக் கிளம்பியவன், மறந்த குடைக்காகக் கூடத்துக்குத் திரும்பினேன். அட்டெண்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, டம்ளரிலிருந்து அந்தக் குடுவைக்குள் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"புத்து மண்ணுல்ல சார். வெள்ளிக்கெழம பால் ஊத்தாம வச்சிருக்கலாமா? கொண்டாந்த நாள்லேருந்து ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

பாலிலும் சர்க்கரை உண்டு. நீலக் கரைசலைச் சிவக்கவைக்க அதுவே போதும். யோசித்துப் பார்த்தால் அதுவும் வைக்கோலிலிருந்து வந்த சர்க்கரைதான். கரைத்தது அட்டெண்டர் வீட்டு எருமை.

சொல்லிவிடத்தான் பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடி முன் நின்று வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

புதன்கிழமை காலையில் அட்டெண்டரிடம் பால் கேட்டு வாங்கினேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம இல்லையே சார்?"

"பரவாயில்லண்ணே."

டம்ளரைக் குடுவைக்கு மேல் சாய்த்தேன். அவர் பதறிப்போய்ச் சொன்னார்: "செருப்பக் கழட்டிட்டு ஊத்துங்க சார்."

கழற்றினேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன் நான் பட்டதில்லை. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன்.

குடுவை சிவந்தது. விஞ்ஞானி தலையாட்டினார். ஜூனில் நிரந்தர உத்தரவு வந்தது. புற்று கொடுத்த வேலை என்று அட்டெண்டர் ஊரெல்லாம் சொன்னார். அது பொய் என்று சொல்ல எனக்குத்தான் வாயில்லை.