தெருமுனையில் ஒரு இரும்புக் கம்பி

ஆம்பூரில் எங்கள் தெருவில் ஐந்து மாடிக் குடியிருப்பு வருகிறது என்றதும் கொதித்தவர்களில் நானும் ஒருத்தி. போர்த் தண்ணீர் உப்பு, அதுவும் கோடையில் கம்மி. பாதாளச் சாக்கடையே கிடையாது. ஒரு வீடு இருந்த மனையில் இருபது குடும்பம் வந்தால் கழிவுநீர் எங்கே போகும்? தெருச் சங்கக் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்தும் போட்டேன். கனரக வண்டிகள் தெருவுக்குள் வரக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. ஜல்லி லாரிகளை நினைத்து எழுதியது.

பில்டர் ஒரு மாடியைக் கூடக் குறைக்கவில்லை. கழிவுநீரைப் பற்றி வாயே திறக்கவில்லை. தெருமுனையில், கார் மட்டும் நுழைகிற உயரத்தில், குறுக்கே ஒரு இரும்புக் கம்பி போட்டுக் கொடுத்தார். சங்கத் தலைவர் அதற்கு மாலை போடாததுதான் பாக்கி.

மறுநாள் காலை எங்கள் ஷூ கம்பெனி பஸ் கம்பிக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தது. எனக்குப் போலியோவில் சூம்பிய கால். பஸ் வாசலுக்கே வரும் என்றுதான் இந்தத் தெருவில் வீடு பிடித்தேன். காலை இழுத்து இழுத்து நடந்து போய் ஏறினேன்.

"தெனம் இவ்ளோ நேரம் நிக்க முடியாதுக்கா. லேட்டானா என்னைத்தான் கேப்பாங்க" என்றார் டிரைவர்.

அன்று சாயங்காலமே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"ஒருத்திக்காக ரூலை மாத்த முடியுமாம்மா? நீயும்தானே கையெழுத்து போட்ட?"

கூட்டத்தில் கத்துவதற்கு மட்டும் இந்த ஒருத்தி வேண்டியிருந்தது. வந்த கோபத்தில் அவர் கொடுத்த டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரமே இரண்டு நாள் பஸ்ஸை விட்டேன். இனியும் விட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் கம்பியை நெருங்கும்போது எதிரே ஜல்லி லாரி. கட்டட மேஸ்திரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கம்பி கதவு மாதிரி ஒதுங்கியது. அதற்குப் பூட்டு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இது இன்னாங்க நியாயம்? லாரி வரக்கூடாதுன்னுதானே கம்பி போட்டீங்க?"

"வேலை நடக்கணும்லக்கா. தலைவரு பர்மிஷன் குடுத்துட்டாரு."

"அப்போ பஸ்ஸுக்கும் தொறங்க."

"அதுக்குப் பர்மிஷன் இல்லக்கா."

கம்பி ஒதுங்கிய இடத்தில், தெரு நடுவில் போய் நின்றேன். லாரிக்காரன் ஹாரன் அடித்தான், திட்டினான். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் பஸ்ஸும் ஹாரன் அடித்தது. வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன, யாரும் இறங்கி வரவில்லை. நான் நகரவில்லை.

பஸ் போய்விட்டது. லாரியும் உள்ளே போகவில்லை.